ஜெயப்பிரியா பேசாத வாக்கியம்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பின்னறையிலிருந்து அந்த விசிறிச் சத்தம் ஜெயப்பிரியாவுக்குக் கேட்டது. குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். சர்வர் பெட்டியின் விசிறிதான். சும்மா கிடக்கும்போது அது முணுமுணுவென்று ஓடும். வேலை கொடுத்தால் மட்டும் இப்படி மூச்சு வாங்கி இரையும். ஆனால் இப்போது அதற்கு வேலை கொடுக்க ஆள் யாரும் இல்லை. கூட வேலை பார்க்கும் யோகேஸ்வரன் வங்கி வேலையாகக் காலையிலேயே ராமநாதபுரம் போய்விட்டான். முதலாளி பர்வேஸ் துபாயில் இருந்தார். அந்த அலுவலகத்தில் மொத்தமே அவர்கள் மூன்று பேர்தான்.

அலுவலகம் என்று பேர். கீழக்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். கீழே வீட்டுக்காரர் சுலைகா மாமி தனியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் சவுதியிலும் கத்தாரிலும். மாடியில் இவர்கள் செய்துகொண்டிருந்தது ‘கரைக்குரல்’ என்ற போன் செயலி. காற்று திரும்பப் போகிறது, கடல் கொந்தளிக்கப் போகிறது, காற்றே இல்லாமல் கடல் திடீரென்று பொங்கி ஊருக்குள் வரும் கள்ளக்கடல் ஏறப் போகிறது என்று தகவல் வந்தால், ராமேசுவரத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் கரையோரத்துப் போன்களில் எல்லாம் உடனே ஒரு பெண்குரல் அதைப் பேசும். அந்தக் குரல் ஜெயப்பிரியாவுடையது.

அவள் கடற்கரைக்காரி இல்லை. முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போடும் சம்சாரி வீட்டுப் பெண். கீழக்கரைக்கு வேலைக்கு வந்த பிறகும் கணுக்கால் நனைவதற்கு மேல் அவள் கடலில் இறங்கியதில்லை. காட்டுப் பக்கத்துப் பேச்சு என்று ஆரம்பத்தில் மீன்பிடிக்கிறவர்கள் அவள் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். போன வருஷம் கள்ளக்கடல் ஏறிய அன்று அந்தக் குரலைக் கேட்டுத்தான் பல குடும்பங்கள் குடிசையைக் காலி செய்துவிட்டு மேட்டுக்கு ஓடின. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் அவள் டிக்கெட் கேட்கும் குரலை வைத்தே அடையாளம் கண்டு, முன்பின் தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குரல் எழுந்து போகச் சொன்னால் சனம் எழுந்து போகும். ஏன் என்று கேட்காது.

பின்னறையில் இருந்த சர்வருக்கு யோகேஸ்வரன் காரியஸ்தர் என்று பெயர் வைத்திருந்தான். செயலியில் யாராவது ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து சேர்த்தால் போதும், காரியஸ்தர் அதை எடுத்து மொத்தச் செயலியையும் புதிதாகக் கட்டி, சோதித்துப் பார்த்து, முதலில் வேண்டிய சிலருடைய போனுக்கு மட்டும் அனுப்புவார். அவர்களிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும் கரை முழுக்க அனுப்பிவிடுவார். இடையில் மனிதக் கை படத் தேவையில்லை. அந்தச் சோதனைக் குழுவில் இருந்தது மூன்று பேர். சுலைகா மாமி, யோகேஸ்வரன், ஜெயப்பிரியாவின் அய்யா மூக்கையா. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் எச்சரிக்கை கேட்கிற ஒரே ஆள் அவர்தான். பொழுது போகாவிட்டால் பழைய எச்சரிக்கைகளைக்கூடத் திரும்பப் போட்டுக் கேட்பார் என்று அம்மா சொல்லுவாள்.

ஜெயப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டு தன் கணினித் திரையைத் திறந்தாள். புதிதாக ஒரு பதிப்பு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. மாற்றத்தைச் சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் அது சேர்க்கப்பட்டிருந்தது.

யோகேஸ்வரன் விளையாடுகிறான் என்று நினைத்து அவனை அழைத்தாள்.

“நான் ஒண்ணும் சேக்கல ஜெயா. லேப்டாப் பையவே இன்னும் தொறக்கல,” என்றான். பிறகு, “ஒனக்குத் தொண்டை கட்டியிருக்கா? சத்தமே வரல,” என்றான்.

இல்லையே என்று சொன்னாள். சொல்லும்போது குரல் தேய்ந்து வந்ததை அவளே கவனித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு திரையில் நிறுத்து என்ற பொத்தானை அமுக்கினாள். பின்னறையில் விசிறி மெல்ல அடங்கியது. வெளியே வெயில் அசையாமல் நின்றது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. யார் வீட்டிலோ மீன் பொரித்த எண்ணெய் வாடை வந்து கலைந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்த அதே நேரத்தில் விசிறி மறுபடி இரைய ஆரம்பித்தது.

புதிதாக என்னதான் சேர்ந்திருக்கிறது என்று தேடினாள். ஒரே ஒரு ஒலிப்பதிவு. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அதை ஓடவிட்டாள். முதலில் வெறும் நீர்ச் சத்தம். அலை அடிக்கிற சத்தம்கூட இல்லை, ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு உடம்பை லேசாக அசைத்தால் துணியைச் சுற்றித் தண்ணீர் சளசளக்குமே, அந்தச் சத்தம். அதற்கடியில் மூச்சு, பல் கிட்டித்துப் போனவள் விடுகிற மாதிரி விட்டு விட்டு வரும் மூச்சு. பிறகு அவள் குரல். எச்சரிக்கை வாசிக்கும்போது பேசுகிற எழுத்துத் தமிழ் இல்லை, வீட்டில் அம்மாவோடு பேசுகிற பேச்சு.

“நான் தண்ணிக்குள்ள நிக்கிறேன். காலு எடுபட மாட்டேங்குது. வந்து கூட்டிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கழற்றிய பிறகும் அந்த மூச்சு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகுதான் அது தன்னுடைய மூச்சு என்று புரிந்தது.

அவள் அப்படி ஒரு வாக்கியத்தைப் பேசியதே இல்லை. பதிவைத் தேடி அழித்தாள். அடுத்த முறை பட்டியலைப் பார்த்தபோது அது அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி இருந்தது. கட்டும் வேலை முடிந்து, சோதனையும் தேறி, ‘சோதனைக் குழுவுக்கு அனுப்புதல்’ என்ற படியில் பச்சை வட்டம் விழுந்தது. அதற்கடுத்து ‘எல்லோருக்கும் அனுப்புதல்’ என்றுதான் இருக்க வேண்டும். நடுவில் புதிதாக ஒரு படி முளைத்திருந்தது. அதை அவளும் எழுதவில்லை, யோகேஸ்வரனும் எழுதியிருக்க மாட்டான்.

‘வந்து சேர்தல்.’

அதன் கீழே மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சாம்பல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அய்யாவின் பெயரைக் குழுவிலிருந்து நீக்கினாள். போகவில்லை. வேறு எண்ணை மாற்றிப் போட்டாள். கண் முன்னாலேயே அது பழைய எண்ணுக்குத் திரும்பியது. பர்வேஸை அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார். அவள் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள்.

“இப்பதான ஜெயப்பிரியா பேசி வச்சாங்க,” என்றார். “சோதனைதான், நிறுத்த வேணாம்னு சொன்னாங்க. லைன்ல நீங்க யாரு?”

நான்தான் ஜெயப்பிரியா என்று அவள் சொல்லச் சொல்ல அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

கீழேயிருந்து எதுவோ தீயும் வாடை வந்தது. அவள் படியிறங்கி ஓடினாள். சுலைகா மாமியின் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்து வற்றி, பாத்திரத்தின் அடி சிவந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாமி, மாமி என்று அறை அறையாகக் கூப்பிட்டாள். செருப்பு வாசலிலேயே இருந்தது. மாமி தெருவில் இறங்கிப் பால் வாங்கப் போனால்கூடச் செருப்பும் தலையை மூடும் துப்பட்டியும் இல்லாமல் போக மாட்டார். துப்பட்டி நாற்காலியில் கிடந்தது.

ஜெயப்பிரியா கடல் பக்கமாக ஓடினாள்.

கீழக்கரைக் கடலில் பெரிய அலை இருப்பதில்லை. அன்று சின்ன அலைகூட இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. கரையில் ஒதுங்கிய பாசி வெயிலில் அழுகி நாறியது. படகுத்துறைக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், நரைத்த தலையோடு சுலைகா மாமி மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தார். காதில் போன். மண்ணில் விழுந்த பண்டத்தைத் தேடுகிற மாதிரி, ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தார்.

ஜெயப்பிரியா கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இன்னொரு முறை, முழுப் பலத்தையும் சேர்த்துக் கூப்பிட்டாள். மாமி திரும்பினார். அவளை நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் பார்வையில் அடையாளம் எதுவும் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் அன்னிய ஆளைக் கண்ட மாதிரி ஒரு மிரட்சி மட்டும் இருந்தது. பிறகு போனில் பேசினார்.

“கரையில எவளோ ஒருத்தி நின்னு கூப்பிடுறா மகளே. ஒன்ன மாதிரியே உடுத்திருக்கா. நீ பயப்படாத, நான் வந்துட்டேன்.”

ஜெயப்பிரியா தண்ணீரில் இறங்கினாள். மாமியின் தோளைப் பிடித்து இழுத்தாள். எப்போதும் மூட்டு வலி என்று படியேற முடியாமல் உட்காரும் அந்த உடம்பு, நட்ட கல் மாதிரி நின்றது. முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பிய கையை எடுத்ததும் அது கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அலுவலகத் திரையில் இருந்த அதே பட்டியல் அதிலும் வந்திருந்தது. சுலைகா மாமியின் பெயருக்கு எதிரே சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று பச்சையாகியிருந்தது.

வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. இன்னும் இரண்டு பேர். இரண்டு பேரும் வந்துவிட்டால் சோதனை தேறிவிடும். அப்புறம் எல்லோருக்கும்.

படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த உசாமா என்பவர் இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவர் போனை வைத்துக்கொள்ளாத ஆள், ஊருக்கே தெரியும். மாமியைக் கரைக்குக் கொண்டு வாருங்கள் என்று அவள் கையால் காட்டிக் கெஞ்சினாள். அவர் சட்டையைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு இறங்கினார். அவள் கரையேறி, ஈரச் சுடிதார் காலில் ஒட்ட, அலுவலகத்துக்கு ஓடினாள். வழியில் போன் மணி அடித்தது. அம்மா.

“ஏத்தா, எங்கன இருக்க? அய்யா கெளம்பி வாராருத்தா. காயப்போட்ட மிளகாய அப்படியே போட்டுட்டு, சட்டகூட மாட்டாம ஓடிப் பஸ்ஸ ஏறிட்டாரு. ஒனக்கு என்னத்தா ஆச்சு?”

எனக்கு ஒன்றுமில்லை, அய்யாவைத் திரும்பச் சொல், கடலுக்குப் போக வேண்டாமென்று சொல் என்று அவள் நடுத்தெருவில் நின்று கத்தப் பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் அழ ஆரம்பித்தாள்.

“ஒண்ணும் கேக்கலையே. தண்ணிச் சத்தமா வருதே. ஏத்தா, பேசுத்தா.”

அய்யாவின் எண்ணுக்கு அடித்தாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. திரும்ப அடித்தாள். திரும்ப அதையே சொன்னது. அவர் யாரோடு பேசிக்கொண்டு வருகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறிப் பின்னறைக் கதவைத் தள்ளினாள். அறை முழுக்கப் பாசி வாடை அடித்தது. இந்த அறையில்தான் அவள் ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு எச்சரிக்கைகளைப் பதிவு செய்வாள். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவள் சுவரிலிருந்து மின்சார வயரைப் பிடுங்கினாள். கரண்டு போனால் தாங்குவதற்காக வைத்திருந்த மின்கலம் பீப் பீப்பென்று கத்தியது. அதையும் பிடுங்கினாள். விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

வீடு அமைதியானது. எங்கோ ஒரு காகம். தன் துணியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

போனைப் பார்த்தாள். இரண்டு வட்டங்களும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

பெட்டியை வெளியே இழுத்துப் போட்டாள். ஜன்னலில் முட்டுக் கொடுக்க வைத்திருந்த கருங்கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டாள். மூடி நசுங்கியது. மறுபடி போட்டாள். உள்ளேயிருந்த மின்சுற்றுப் பலகையைக் கையால் பிய்த்தாள். தகரம் கிழித்து விரலில் ரத்தம் வந்தது. பதிவெல்லாம் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தரையில் வைத்துக் கல்லால் அடித்தாள், சிதறுகிற வரை அடித்தாள். பிறகு அந்தத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து போனைப் பார்த்தாள்.

சுற்றிக்கொண்டிருந்தன.

தெருவில் பைக் சத்தம் கேட்டது. யோகேஸ்வரனின் பைக். இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். அவள் ஜன்னலுக்கு ஓடினாள். அவன் அலுவலக வாசலில் நிற்கவில்லை. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தபடி, மெதுவாக, நேராகக் கடல் பக்கம் போனான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற முகம். அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். துரு உதிர்ந்தது. வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் வட்டமும் பச்சையானது.

இனி ஒரே ஒரு ஆள். அய்யா பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ் எங்கே நின்றாலும் அவர் இறங்குவதற்கு முன்னால் போய்ப் பிடித்துவிட வேண்டும். பேச முடியாவிட்டால் என்ன, காலைக் கட்டிக்கொள்ளலாம். தரையில் விழுந்து கிடக்கலாம். பெற்ற மகளைத் தாண்டிப் போக மாட்டார். அவள் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். ஈரக் காலில் மண் அப்பி, செருப்பில்லாத பாதம் கல்லில் குத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தில் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸின் படியிலும் போய் நின்றாள். சாயல்குடி பஸ். ராமநாதபுரம் பஸ். பிறகு முதுகுளத்தூர் பஸ். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோழிக் கூடையோடு ஒரு கிழவர். பள்ளிப் பிள்ளைகள். அய்யா இல்லை. உள்ளே ஏறிப் பார்த்தாள். கடைசி இருக்கைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்ட கண்டக்டரிடம் போனிலிருந்த அய்யாவின் படத்தைக் காட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “இவரா. ஊருக்குள்ள நுழையிறதுக்கு முன்னாலயே வண்டிய நிப்பாட்டச் சொல்லி ஒரே அழுகை. மக தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டான்னு. கடக்கரை வளைவுல எறக்கி விட்டேம்மா.”

அவள் ஓடினாள்.

மேற்கே வானம் சிவந்து கிடந்தது. கடல் கருத்திருந்தது. கரையில் யோகேஸ்வரனின் பைக் சாய்ந்து கிடந்தது, சக்கரம் மண்ணில் புதைந்து. தண்ணீரில் நான்கு தலைகள். மார்பளவில் சுலைகா மாமி. பக்கத்தில் யோகேஸ்வரன். மாமியின் தோளில் வைத்த கையை எடுக்காமலே நின்றுபோன உசாமா. அவர் காதில் போன் இல்லை. ஆனாலும் தலையைச் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது, தோளில் சிவப்புத் துண்டு போட்ட ஒரு முதுகு.

அந்த முதுகு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் ஏறித்தான் கண்மாய் தண்ணீரைத் தாண்டியிருக்கிறாள்.

இறங்கினாள். முழங்கால். இடுப்பு. தண்ணீர் குளிரவில்லை, உடம்புச் சூட்டில் இருந்தது. காலடியில் பாசி வழுக்கியது. விழுந்தாள். உப்புத் தண்ணீரை விழுங்கினாள். எழுந்தாள். கையை நீட்டி அவர் துண்டைப் பிடித்தாள். துண்டு கையோடு வந்துவிட்டது. இன்னொரு எட்டு. இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமான அந்த இடுப்பு, மிளகாய் நெடி அடிக்கும் அந்த உடம்பு, அவளுடைய அய்யாதான். அய்யா, நான் இங்கன இருக்கேன். உதடு மட்டும் அசைந்தது. முகத்தை அவர் முதுகில் வைத்துத் தேய்த்தாள். முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள்.

அவர் அசையவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“இந்தா வந்துட்டேன்ல ஆத்தா. எவளோ இடுப்பப் பிடிச்சு இழுக்குறா. அவ இழுக்கட்டும், நீ அழாத.”

அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. ஏனென்றால் அந்த நொடியே கரையிலும் மணி அடித்தது. படகுத்துறையில் ஒன்று. தெருமுனைக் கடையில் ஒன்று. பிறகு வீடு வீடாக. மாடிகளில், வாசல்களில், தூரத்துப் பேருந்து நிலையத்தில், அதற்கும் அப்பால் கரை நெடுகப் பார்வைக்கு எட்டாத ஊர்களில். ஆயிரம் போன்களிலிருந்து ஒரே குரல் ஒரே சமயத்தில் கிளம்பி, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து அவள் காதில் மோதியது. அவளுடைய குரல். தெளிவாக இருந்தது. அழுதுகொண்டிருந்தது.

கதவுகள் திறந்தன. தெரு விளக்குகளுக்குக் கீழே ஆட்கள். ஓடவில்லை, தள்ளவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண். தொழுகைக் குல்லாயைச் சரிசெய்தபடி ஒரு முதியவர். பஸ்ஸை ஓட்டி வந்தவர், அவருக்குப் பின்னால் அந்தக் கண்டக்டர். எல்லோர் முகத்திலும் ஒரே பரிதாபம். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. இந்தா வாரோம். பயப்படாத. வந்துட்டோம். செருப்புகளைக் கரையிலேயே கழற்றிவிட்டு ஒவ்வொருவராகத் தண்ணீரில் காலை வைத்தார்கள்.

ஜெயப்பிரியா அய்யாவின் இடுப்பை விடவில்லை.

“கையக் குடு ஆத்தா,” என்றார் மூக்கையா.

போனைத் தண்ணீரில் நழுவவிட்டார். வலது கையை முன்னால், யாரும் இல்லாத கருத்த நீரின்மேல் நீட்டினார். சுலைகா மாமியும் நீட்டினார். யோகேஸ்வரனும். அய்யாவின் விரல்கள் கொஞ்ச நேரம் வெறுமனே நடுங்கின. பிறகு ஒவ்வொன்றாக மடங்கி எதையோ பற்றின. தெருவைக் கடக்கும்போது சிறுபிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி, நோகாமல், ஆனால் விடாமல்.

அவர் முகம் தெளிந்தது. சிரித்தார்.

அவர் பிடித்த பிடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிடி விழுந்தது. மெலிந்த அந்தக் கையின் நரம்பு புடைத்து, தோள்பட்டை முன்னால் சரிந்து, கை முழுவதும் கடலைப் பார்க்க விறைத்து நீண்டது.